தம்புசாமியின் நீல விரல்கள்

தம்புசாமி அண்ணனைப் பழிவாங்க நான் நான்கு வருஷம் காத்திருந்தேன். காத்திருக்கத் தைரியம் வேண்டியதில்லை. அதனால் எனக்கு அது நன்றாகவே வந்தது.

செராஸ் குதிரை லாயத்தில் அவர் தலைமைக் குதிரைக்காரர். நான் லத்தி அள்ளுகிறவன். எழுபத்தெட்டில் ஒரு குதிரையின் காயத்தில் மயில்துத்தம் என்ற நீல மருந்தை வாஸ்லினில் குழைத்து அப்பினார். சதை வெந்து, தையல் பிரிந்தது. "நாகையாதான் கட்ட இறுக்கிட்டான்" என்று என்னைக் கைகாட்டினார். மிருக டாக்டர் தியாகராசாவும் நம்பினார். குதிரைக்கு ஊசி போட்டுக் கொன்றார்கள். எனக்கு இரண்டு மாதம் வேலையில்லை. பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் என் மனைவி சீதாலெட்சுமி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

இப்போது ராணி என்ற குதிரைக்கு முன்னங்காலில் முள்கம்பி கிழித்த காயம். டாக்டர் அவள் கழுத்திலிருந்து பொட்டுப் பொட்டாகத் தோல் எடுத்து, நாற்று நடுவதுபோல் காயத்தில் நட்டார்.

"ஒரு கிழமையில மேல்தோல் கறுத்து உதிரும். அடியில உயிர் இருக்கும். ஒருத்தரும் தொடப்படாது. தம்புசாமிக்கும் சொல்லிவிடும்."

நான் சொல்லவில்லை. கறுப்பைக் கண்டால் மயில்துத்தத்தை எடுப்பார், டாக்டரிடம் மாட்டுவார். என் திட்டம் அவ்வளவுதான். ராணியின் கால் அதில் எங்கே வருகிறது என்று நான் யோசிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, வெள்ளிக்கிழமை காலை, டாக்டர் வரும் நேரம், தம்புசாமி கட்டைப் பிரித்தார்.

"எல்லாம் அழுகிப் போச்சு லா! படிச்சு என்னத்தக் கிழிச்சாரு இந்த டாக்டரு?" விரல் நிறைய நீல மருந்தை வழித்தார்.

வாசலில் கார் சத்தம். நான் இன்னும் ஒரு நிமிஷம் வாயை மூடியிருந்தால் போதும். ராணி வெல்லம் கேட்டு என் சட்டைப் பையை உதட்டால் துழாவினாள்; ஒரு கட்டியைக் கொடுத்தேன்.

"அண்ணே, தொடாதீங்க! அடியில உயிர் இருக்கு!"

நான்கு வருஷ வன்மம் ஒரு வெல்லக்கட்டிக்குப் போயிற்று.

டாக்டர் உள்ளே வந்தார். தம்புசாமி மருந்தைப் பூசாமலே டப்பாவை வைக்கோலுக்குள் தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். டாக்டர் குனிந்து பார்த்தார். ஒரு கறுப்புப் பொருக்கு தானாக உதிர, அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல்.

"வடிவாப் பிடிச்சிருக்கு."

"நான்தான் டாக்டர் யாரையும் கிட்ட விடல. இந்த நாகையா பயதான் தொடப் பாத்தான்."

அதுவரை அவரை மன்னித்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

"ஆமா டாக்டர். எல்லாம் அண்ணன்தான். அவருக்கு ஒரு கை குடுங்க."

டாக்டர் கையை நீட்டினார். தம்புசாமி அசையவில்லை.

"குடுங்கண்ணே, என்ன வெக்கம்?"

கை மெல்ல முன்னால் வந்தது. நான்கு விரலும் மயில் கழுத்து நிறம்.

டாக்டர் அதை விடவில்லை. "எழுபத்தெட்டில அந்தக் குதிரைக்கும் இதைத்தானோ பூசினீர்?"

நான் ராணிக்கு இரண்டாவது வெல்லக்கட்டியைக் கொடுத்தேன்.