நிஷாவைக் கூப்பிடாத வாரம்

திங்கட்கிழமை முழுக்க ஜெயினுலாப்தீன் தன் மனைவியைக் கூப்பிடவில்லை.

தாராவியில் அவர்களுக்குப் பட்டறை கீழே, வீடு மேலே. நடுவில் ஓர் இரும்பு ஏணி. ஏணி வந்து முட்டுகிற இடத்தில் மேல்வீட்டுத் தரையில் ஒரு சதுர ஓட்டை. கீழே தோல் பை தைக்கும் மெஷின்கள், வாசலோரம் ஒரு மேஜை, மேஜை மேல் கம்ப்யூட்டர். தைத்த பைகளின் போட்டோ, பார்ட்டிகளின் பில், ஆர்டர் எல்லாவற்றையும் அதில் ஏற்றி அடுக்கியவள் நூர் நிஷா. ஊர் வாரியாக அடுக்கியிருந்தாள். ட்ராம்பே தனி, பாண்டுப் தனி, செம்பூர் தனி. சமையல் சாமான் போல, கண்ணை மூடிக்கொண்டு எடுப்பாள்.

அவருக்கு எதுவும் அகப்படாது. தலையை நிமிர்த்தி ஓட்டையைப் பார்த்துக் கத்துவார்.

"நிஷா! அந்த ட்ராம்பே பார்ட்டி பில் எங்கன இருக்கு?"

அவள் அடுப்படியிலிருந்தே சொல்வாள். "டி டிரைவுக்குள்ள போங்க. பார்ட்டின்னு இருக்கும். அதுக்குள்ள ட்ராம்பே. அதுக்குள்ள பழசு."

"பழசு ரெண்டு இருக்கே."

"ரெண்டாவது பழசு."

மெஷினில் இருக்கும் தளவாய் சிரிப்பான். "அண்ணாச்சி கீழ கம்ப்யூட்டர் வச்சிருக்காரு. கம்ப்யூட்டர் மேல ரசம் வச்சிட்டிருக்கு."

நிஷா அலுத்துக்கொள்வாள். கை ஈரமாக இறங்கி வந்து, "இது கூடவா தெரியலே" என்பாள். காலையிலிருந்து இருட்டும் வரை அவள் பெயர் அந்த ஓட்டை வழியாக ஏறிவந்துகொண்டே இருக்கும். அது நிற்கும் என்று அவள் நினைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஷைஸ்தா வந்திருந்தாள். அவருடைய தங்கை மகள். செம்பூரில் ஓர் ஆபீஸில் வேலை. அவர் நிஷாவைக் கூப்பிட்டதையும் நிஷா வழி சொன்னதையும் கேட்டுவிட்டு அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அரே மாமா, இவ்வளவு தூரம் எதுக்குச் சுத்துறீங்க? இங்க மேல ஒரு கட்டம் இருக்கு பாருங்க. மாமிகிட்ட எப்படிக் கேப்பீங்களோ அப்படியே இதுகிட்ட கேளுங்க. அதுவே தேடிக் குடுத்துரும். சிம்பிள்."

நிஷாவின் நாற்காலியில் உட்கார்ந்து, அதன் உயரத்தை ஏற்றிக்கொண்டு, சொல்லிக் கொடுத்தாள். அவர் இங்கிலீஷ் எழுத்தில், ஒற்றை விரலால் ஏதோ அடித்தார். திரையில் வரிசையாக விழுந்தது.

"மாஷா அல்லாஹ்" என்றார் அவர். கல்யாணத்துக்கு முன் பெண் பார்க்க வந்தபோது சொன்ன அதே குரல்.

ஷைஸ்தா போனபிறகு நிஷா அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். கால் தரையில் எட்டவில்லை.

திங்கள் போனது. செவ்வாயும் போனது. கீழிருந்து விசைப்பலகை தட்டும் சத்தம் மட்டும் வந்தது. டக். டக். கொஞ்ச நேரம் நிற்கும். மறுபடி டக், டக். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு ஓட்டையோரம் குனிந்து பார்த்தாள். அவர் கட்டத்தின் மேல் குனிந்திருந்தார். அவளிடம் பில் கேட்கும்போது இப்படிக் குனிந்ததில்லை. கத்துவார், அவ்வளவுதான்.

"என்னங்க, ஏதாச்சும் தேடித் தரணுமா?"

"வேண்டாம். நானே பாத்துக்கிடுதேன்."

டீ கொண்டு இறங்கியபோது தளவாய் சும்மா இருக்கவில்லை. "அக்காவுக்கு இப்ப லீவு போல. பென்ஷன் உண்டா?"

"நீ ஜிப்பை நேரா வச்சுத் தை" என்றாள்.

அன்று ரசத்துக்குப் பெருங்காயம் போட மறந்தாள். அவர் கவனிக்கவில்லை. அதுவும் சேர்ந்து எரிந்தது. ஷைஸ்தா மேல்தான் எரிச்சல் என்று முதலில் நினைத்திருந்தாள். இரண்டு நாளில் அது அந்தக் கட்டத்தின் மேல் போய் உட்கார்ந்தது. விரல் நீளம்கூட இல்லாத ஒரு வெள்ளைக் கட்டம். அவள் இத்தனை வருடமாக அடுக்கியதில் கை விட்டு, அவள் தேடிக் கொடுக்கும் வேகத்தில் எடுத்துக் கொடுக்கிறது. 'இது கூடவா தெரியலே' என்று அலுத்துக்கொள்வதும் இல்லை. யாருக்குத்தான் பிடிக்காது?

வெள்ளிக்கிழமை அவர் ஜும்ஆத் தொழுகைக்குக் கிளம்பினார். போகும்போது தளவாயிடம், "நாளைக்கு நாலு மணிக்கு பாண்டுப் பார்ட்டி வருது. முன்ன செஞ்ச அந்த பிரவுன் பையை மறுபடி கேக்காங்க. காலைல அதோட பழைய போட்டோவைத் தேடி எடுத்து வைக்கணும்" என்று சொன்னது மேலே கேட்டது.

தளவாய் சாப்பிடப் போனான். நிஷா ஏணியில் இறங்கினாள். போட்டோக்களுக்குப் பெயர் கிடையாது. கேமரா போட்ட எண்தான். 'பாண்டுப்' என்ற ஃபோல்டர் பெயரை வைத்துத்தான் கட்டத்தால் அவற்றைக் கண்டுபிடிக்க முடியும். அவள் 'ஏஏ' என்று புதிதாக ஓர் ஃபோல்டர் போட்டாள். போட்டோ முழுவதையும் அதற்குள் நகர்த்தினாள். காலியான 'பாண்டுப்' ஃபோல்டரை அழித்தாள். மேலே போய்ப் பாத்திரம் கழுவினாள்.

சனிக்கிழமை காலை டக் டக் சத்தம் வழக்கத்தைவிட நீண்டது. நின்றது. மறுபடி அடித்தது. "யா அல்லாஹ்" என்றார். மேஜை இழுப்பறை திறந்து மூடியது.

நிஷா ஓட்டையோரம் வந்து நின்றாள். பதிலைக்கூட நினைத்து வைத்திருந்தாள். 'டி-க்குள்ள போங்க' என்று ஆரம்பிக்க வேண்டும். அலுத்துக்கொள்ளக் கூடாது.

அவர் தலை நிமிரவில்லை. போனை எடுத்தார்.

"ஷைஸ்தா? ஒன் கட்டம் வேலை செய்யலே. இன்னிக்கு லீவுதானே? கொஞ்சம் வந்துட்டுப் போறியாம்மா? ஜல்தி."

கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் நிஷா நிற்கிறாள். அவர் செம்பூருக்குப் போன் போடுகிறார்.

மத்தியானத்துக்குள் ஷைஸ்தா வந்துவிட்டாள். நாற்காலியின் உயரத்தை மறுபடி ஏற்றினாள். நிஷா டீயோடு ஏணியின் பாதியில் நின்றாள்.

"பாண்டுப்னு ஒண்ணுமே இல்லையே மாமா. இருங்க, தேதி வச்சுப் பாக்கலாம். புதுசா எது வந்திருக்குன்னு." ஏதோ தட்டினாள். "ஏஏன்னு ஒண்ணு இருக்கு. இதோ, பிரவுன் பை எல்லாம் இதுக்குள்ள. நேத்து மத்தியானம் ஒண்ணரைக்குப் போட்ட ஃபோல்டர் இது."

"ஒண்ணரைக்கு நான் பள்ளிவாசல்லே இருந்தேனே" என்றார் அவர்.

தளவாயின் மெஷின் நின்றது. ஷைஸ்தா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அவர் தலை நிமிர்ந்தது.

"நிஷா."

ஒரு வாரம் கழித்து வந்த பெயர். இப்படியா வர வேண்டும்.

"நான்தான் மாத்துனேன்" என்றாள்.

"எதுக்கு?"

"கூப்பிடுவீகன்னு."

டீ ஆடை கட்டியது. வாசலில் கைவண்டிக்காரன் 'பாஜு, பாஜு' என்று வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டு போனான். ஷைஸ்தாவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஏதாவது செய்ய வேண்டும் என்று அந்தக் கட்டத்தில் ஒரு தட்டுத் தட்டினாள். இதுவரை தேடியதெல்லாம் கட்டத்துக்குக் கீழே வரிவரியாக இறங்கியது.

"மாமா, இது என்ன?"

அவள் வாய்விட்டுப் படித்தாள். "நிஷா பாண்டுப் பிரவுன் பை. பாண்டுப் பிரவுன் பை. நிஷா ட்ராம்பே பில். ட்ராம்பே பில். நிஷா ஜிப் போட்டோ. ஜிப் போட்டோ." நிமிர்ந்தாள். "மாமி பேரை எதுக்கு அடிக்கிறீங்க?"

"நீதானே சொன்னே. மாமிகிட்ட எப்படிக் கேப்பேனோ அப்படிக் கேக்கணும்னு."

"அதுக்காக பேரோடவா? மாமி பேரு எந்த ஃபைல்லயும் இல்லையே. அப்படி அடிச்சா ஒண்ணும் வராது."

"வராதுதான். பெறவு பேரை அழிச்சிட்டு அடிப்பேன். வரும்."

"தெரிஞ்சும் ஒவ்வொரு தடவையுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கை மொதல்ல அங்கதான் போகுது."

தளவாய் வாயைத் திறந்தான். நிஷா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

பாண்டுப் பார்ட்டி நாலு மணிக்கு வந்தது. போட்டோ பார்த்தது. ஆர்டர் சொன்னது. ஷைஸ்தாவை நிஷா சாப்பிட வைத்துத்தான் அனுப்பினாள். இரண்டாம் தடவை கறி வைத்தாள்.

ஆனால் எரிச்சல் போகவில்லை. அன்று சாயங்காலம் பாத்திரம் தேய்க்கும்போது அது இன்னும் மோசமாயிற்று. அவர் ஒரு வாரமாக அவளைக் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறார். காலை முதல் இருட்டும் வரை. அத்தனையையும் அந்தக் கட்டம் வாங்கி வைத்துக்கொண்டது. அவள் காதில் ஒன்றும் விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒருவரைப் பார்க்கப் போனார். நிஷா இறங்கினாள். நாற்காலியைத் தன் உயரத்துக்கு இறக்கினாள். 'ஏஏ'வை எடுத்தாள். 'நிஷா பாண்டுப்' என்று மாற்றினாள். 'நிஷா ட்ராம்பே.' 'நிஷா செம்பூர்.' உள்ளே இருந்த பில், பை, ஜிப் எதையும் விடவில்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் தன் பெயரை வைத்துக்கொண்டே போனாள்.

திங்கட்கிழமை டக் டக் கேட்டது. அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள். ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை.

"நிஷா!"

"என்ன?"

"மொத அடியிலேயே கிடைச்சிட்டு!"

"இதைச் சொல்லவா கூப்பிட்டீக?" என்று அலுத்துக்கொண்டாள். வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஏணியில் இறங்கினாள்.