சுஸ்கித் வளர்த்த கீரை

சுஸ்கித்தைக் கால் மடக்கி உட்காரவைத்து வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் புருஷன் டுண்டுப் அடுக்களையில் சும்மா உட்கார்ந்திருந்தான். சாவு வீட்டுக்காரர்கள் பிணத்தையும் தொடக் கூடாது, அடுப்பையும் தொடக் கூடாது. எல்லாம் பஸ்புன் வீட்டார் பொறுப்பு. ஒரே குலதெய்வத்தைக் கும்பிடும் நான்கு குடும்பங்கள் அவை; கோடையில் வாய்க்கால் தண்ணீருக்கு மண்டையை உடைத்துக்கொண்டாலும் சாவென்றால் முதல் ஆளாக வந்து நிற்பார்கள்.

"குளிர்ல நெஞ்சடைச்சிருக்கும்" என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. டுண்டுப் மறுக்கவில்லை.

நேற்றுக் காலை பசுமைக்குடிலுக்குள் கீரைப் பாத்தி ஓரமாகத்தான் அவள் கிடந்தாள், பக்கத்தில் கரிக்கணப்பு. கணப்பை உள்ளே கொண்டுபோனால், கரிப்புகை வெளியேறக் கூரைத் துளையின் பலகையைத் தள்ளித் திறந்துவிட்டுத்தான் உட்காருவாள். நேற்றும் திறந்துதான் வைத்திருந்தாள். ஆனால் முந்தின நாள் சாயங்காலம், இலையெல்லாம் பனியில் கருகுது என்று அவள் புலம்பியது பொறுக்காமல், டுண்டுப் கூரைமேல் ஏறித் தன் பழைய கம்பளிக் கோட்டை அந்தத் துளையில் திணித்திருந்தான். அவளிடம் சொல்ல மறந்துபோனான். பாவி, அவ்வளவுதான் அவன் செய்தது.

குடில் கூரையில் காய்ந்த வரட்டி எடுக்கப் போயிருந்த ரிக்சின் கூடையோடு வந்தார். பஸ்புனில் மூத்தவர். வரட்டிக்கு அடியிலிருந்து கோட்டின் கை எட்டிப் பார்த்தது.

"உன்னுதுதானே?"

டுண்டுப் தலையை ஆட்டினான்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாதுண்ணே. நான்தான்..."

"வாயை மூடு. பொண்ணு வருது."

கோட்டைச் சுருட்டி அடுப்புக்குள் தள்ளி, மேலே வரட்டியைப் போட்டு மூடினார் ரிக்சின்.

மகள் ஜிக்மெத் துக்பா சூப்புக் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"சாப்பிடுங்கப்பா. அம்மா கீரைதான். வந்தவங்களுக்கெல்லாம் போட்டும் இன்னும் ரெண்டு பாத்தி மிச்சம் இருக்கு. ஒரு இலைகூடக் கருகலை."

சொல்லிக்கொண்டே மூக்கைச் சுளித்தாள். "என்ன பெரியப்பா, அடுப்புல கம்பளி நாத்தம்? அடுப்புச் சாமிக்கு ஆகவே ஆகாதுன்னு எங்களை விரட்டுவீங்களே!"

"வரட்டியில ஏதோ ஆட்டு மயிர் ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. தோஷத்துக்கு நான் விளக்கு வச்சுக்கறேன், விடு."

ஜிக்மெத் அடுப்பைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"இப்படி நடுங்குறீங்களே, உங்க பழைய கோட்டு எங்கப்பா?"

டுண்டுப் வாயைத் திறந்தான். சொல்லிவிட வேண்டும் என்றுதான் திறந்தான். ரிக்சின் இடுக்கியால் வரட்டியை அழுத்திக்கொண்டு அவனையே பார்த்தார்.

"அவன் சாப்பிடட்டும்மா" என்றார்.

டுண்டுப் கிண்ணத்தை வாயருகே கொண்டுபோனான். கீரை நன்றாக வெந்திருந்தது.