அழச் சொல்லிக்கொடுத்தவள்

பள்ளி விட்டு வந்த சின்னு, பையைக் கழற்றும் முன்பே செய்தி சொன்னாள். கூடப் படிக்கிற பொம்மிக்கு அழக் கற்றுக்கொடுக்கிற வேலையைப் பெரிய மிஸ் அவளிடம் ஒப்படைத்திருக்கிறாராம்.

ஒரு சட்டைக்குப் பொத்தான் காஜா எடுத்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிள்ளைகளின் விளையாட்டு ஏதோ என்று நினைத்தேன்.

"அவளுக்கு அழவே தெரியலம்மா. கண்ணைக் கசக்குறா, அவ்வளவுதான். மூச்சு உள்ள போய் மாட்டிக்கணும், அப்புறம் தோள் ஆடணும். நான் செஞ்சு காட்டினேன்."

"அவ எதுக்கு அழணும்?"

"அவங்கப்பா செத்துட்டாரு."

கை நின்றது. பொம்மியின் அப்பா கடைக்காரர். அன்று மதியம்தான் எனக்கு வெங்காயம் நிறுத்துக் கொடுத்தார். நல்லதோடு நாலு அழுகலையும் கலந்து தள்ளிவிடும் அளவுக்கு ஆரோக்கியமாகவே இருந்தார்.

"நாடகத்துலம்மா," என்றாள் சின்னு, இதுகூடப் புரியவில்லையே என்ற இரக்கத்தோடு.

எங்கள் பள்ளிக்கு இரண்டே அறைகள், ஐந்து வகுப்புகள், இரண்டு மிஸ்கள். ஒவ்வொரு பருவத்துக்கும் மேலிடத்திலிருந்து ஒரு செயல்பாடு வரும். முதல் பருவத்தில் செடி நட்டார்கள். விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் அவை காய்ந்தன. இரண்டாம் பருவத்தில் கை கழுவினார்கள், குழாயில் தண்ணீர் வந்த நாட்களில். மூன்றாம் பருவத்துக்கு வந்தது பிள்ளைகளின் மனநலம். பெரிய வகுப்பறையின் ஒரு மூலையில் பாய் விரித்து, சுவரில் மேகங்கள் வரைந்து, ஆறுதல் மூலை என்று எழுதினார்கள். மனசு சரியில்லாத பிள்ளை அங்கே போய் உட்காரலாம். அதைப் பார்வையிட வரும் அதிகாரிகளுக்குக் காட்டத்தான் இந்த நாடகம். அந்த மூலைக்கான தலையணைகளுக்கு உறை தைத்தது நான்தான். நீலத்துணி, ஓரத்தில் வெள்ளை நாடா வைத்துப் பைப்பிங். கூலி வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். தைக்கும்போதெல்லாம் அவற்றின் மேல் சின்னுவைத்தான் உட்காரவைத்துப் பார்த்தேன்.

அவளுடைய அப்பா பால் வண்டி ஓட்டியவர். போன மழைக்காலத்தில் வண்டி பள்ளத்தில் கவிழ்ந்தது, அவர் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு சின்னு வகுப்பில் அழ ஆரம்பித்தாள். கணக்குப் போடும்போது வரும், படம் வரையும்போது வரும், காரணம் கேட்டால் தெரியாது. ஆரம்பித்தால் சீக்கிரம் அடங்காது. அவளைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகளும் அழத் தொடங்குவதால், முடியும்வரை குழாயடியில் போய் உட்காரச் சொல்லிவிடுவார்கள். வீட்டில் அவள் அழுவதே இல்லை. வீடு அவளுக்குத் தைரியம் தருகிறது என்று நான் நினைத்திருந்தேன்.

அந்த மூலையில் உட்கார்ந்தாயா என்று கேட்டேன்.

"யாரும் உக்காரக் கூடாதும்மா. அழுக்காயிடும். தலகாணிக்கெல்லாம் பிளாஸ்டிக் போட்டு வச்சிருக்கு. வெள்ளிக்கிழமை ஆபீசருங்க வந்துட்டுப் போனப்புறம் எனக்குத்தான். பொம்மிக்கு நல்லா சொல்லிக்கொடுத்தா அந்த இடம் உனக்குன்னு மிஸ் சொல்லிட்டாங்க."

தட்டில் போட்டதை முழுவதும் சாப்பிட்டாள். பொம்மியின் தோள் எப்படி ஆடவில்லை என்று நடித்துக்காட்டிச் சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் முகத்தில் பள்ளிக்கூடம் போய்வந்த களை இருந்தது. அதனால் நான் எதுவும் சொல்லவில்லை. சூடான பாத்திரத்தை இறக்கிவைக்க இடமில்லாமல் கையிலேயே வைத்திருப்பவளைப் போல உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் பள்ளிக்குப் போனேன். பெரிய மிஸ் கெட்டவர் இல்லை. அவர் சாவு வீட்டுக்கு வந்து, பேசாமல் புடவையைச் செருகிக்கொண்டு எங்கள் பாத்திரங்களையெல்லாம் கழுவிவைத்துவிட்டுப் போனவர். அதனாலேயே என் கோபத்தை எந்தப் பக்கமிருந்து தொடங்குவதென்று தெரியவில்லை. நாடகத்தில் வரும் கதை யாருடையது என்று கேட்டேன். பெயர் எதுவும் வரவில்லையே என்றார். அப்படியானால் ஏன் சின்னுவை விட்டுப் பொம்மி என்று கேட்டேன். என் மகளை மேடையேற்ற வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லை, ஆனாலும் கேட்டேன்.

"சின்னு ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாதும்மா. வர்றவங்களுக்கு நேரம் இல்ல, இன்னும் நாலு ஸ்கூல் பாக்கணும். பொம்மி அழுதா பாக்கவும் லட்சணமா இருக்கு." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "நாளைக்கு ஒரு நாள் அவளை வீட்லயே வச்சுக்கோங்க. அவ நல்லதுக்குத்தான் சொல்றேன்," என்றார்.

நான் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். ஆம், ஆட்டினேன். சொல்ல வேண்டியவையெல்லாம் சாலைக்கு வந்த பிறகுதான் வரிசையாக வந்தன. அழுகையை எடுத்துக்கொண்டீர்கள், அழுகிறவளை வேண்டாம் என்கிறீர்கள். செத்தவர் எங்கள் வீட்டில், கண்ணீர் லட்சணமாக இன்னொரு வீட்டில். எத்தனை அழகான வாக்கியங்கள், ஒன்றுகூட உரியவர் காதுக்குப் போகவில்லை. எதிரே வந்த ஒரு மாடு மட்டும் ஒதுங்கி வழிவிட்டது.

அந்த வேகத்திலேயே கடைக்குள் நுழைந்தேன். நூல்கண்டு கேட்டேன். கடைக்காரம்மா வழக்கம்போல, என்ன தையலக்கா, முகம் வாடியிருக்கே என்று கேட்டார். பொம்மியின் நாடகத்தைப் பற்றித் தெரியுமா என்றேன். அவருக்கு ஒரே பெருமை. மகள்தான் முக்கியமான வேஷம், நீல கவுன் துவைத்துவைத்திருக்கிறாராம். எதற்காக அழுகிறாள் என்று சொன்னாளா என்றேன். ஏதோ சோகமாம் என்றார்.

"அவங்கப்பா செத்துட்டாராம்."

"யாரோட அப்பா?"

"பொம்மியோட அப்பாதான்."

உள்ளே மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த கடைக்காரர் எட்டிப்பார்த்தார். "நானா? எப்போ?" என்றார்.

கடைக்காரம்மா சிரிக்கவில்லை. தராசில் இருந்த சர்க்கரையை அப்படியே விட்டுவிட்டு, நடமாடுகிறவனைப் போய்ச் செத்தான் என்று பிள்ளை வாயாலேயே சொல்லவைப்பதா, வாய் விட்டால் பலித்துவிடாதா என்று கேட்டபடி செருப்பை மாட்டிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினார். நான் நூல்கண்டோடு நின்றேன். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். தெரிந்துதான் சொன்னேன்.

கால் மணி நேரத்தில் நாடகம் மாறிவிட்டது. பொம்மியின் அப்பா உயிரோடு எழுந்துவிட்டார். அவருக்குப் பதிலாக ஒரு நாய்க்குட்டி காணாமல் போய்விட்டது.

எனக்கு வெற்றி என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. என் வீட்டுக்காரர் நிஜமாகவே செத்தது அவர்களுக்கு நல்ல கதையாக இருந்தது. கடைக்காரர் பொய்யாகச் சாவது மட்டும் பொறுக்க முடியாத அபசகுனம். ஒரு பிள்ளை இத்தனை மாதம் குழாயடியில் உட்கார்ந்து அழுதபோது அசையாத பள்ளிக்கூடம், செருப்புச் சத்தம் கேட்டதும் அசைந்தது. நானும்தான் என் மகளுக்காகக் குரலை உயர்த்தவில்லை. அடுத்தவள் பயத்தைக் கடன் வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் சின்னு பையைத் தரையில் போட்டாள்.

"நாய்க்குட்டிக்கு அவ்வளவு அழ வேணாமாம். சும்மா கண்ணைக் கசக்கினா போதுமாம். எனக்கு வேலை இல்லையாம்." சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "நீ ஏம்மா போய்ச் சொன்னே?"

உன் அப்பாவை அவர்கள் விளையாட்டுச் சாமானாக எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் அவளுக்கு அது அப்படி இருக்கவில்லை. இத்தனை நாள் தொந்தரவு என்று வெளியே அனுப்பப்பட்ட ஒன்றை, உனக்கு நன்றாக வருகிறதே, காட்டு என்று முதல் முறையாக ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்குக் கூலியாக ஒரு இடமும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த இடம் போய்விட்டது என்பதுதான் அவளுடைய கவலை. என் கோபம் முழுவதிலும் அந்த மூலை ஒரு ஓரத்தில்கூட இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவளே போகமாட்டேன் என்றாள். மதியம் அதிகாரிகளின் ஜீப் வந்தது, போனது. அது போனதும் நான் சட்டையைப் பாதியில் விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன்.

பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். பெரிய மிஸ் தனியாக, தலையணைகளைப் பீரோவுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் அலுப்பும் நிம்மதியும் இருந்தன. வந்தவர்கள் கைதட்டினார்களாம், பக்கத்துப் பள்ளிகளுக்கும் மூலையின் படத்தை அனுப்பச் சொன்னார்களாம். அடுத்த வருஷமும் யாராவது பார்க்க வருவார்கள், அதனால் பத்திரப்படுத்துகிறேன் என்றார்.

நான் பீரோவிலிருந்து இரண்டு தலையணைகளை எடுத்துப் பாயில் போட்டேன். பிளாஸ்டிக்கைப் பல்லால் கிழித்தேன்.

"இந்த இடம் சின்னுவுக்குத் தரேன்னு சொன்னீங்க மிஸ்."

"அது அந்த நாடகத்துக்கும்மா. அதைத்தான் நீங்களே மாத்த வச்சுட்டீங்களே."

"நாடகந்தான் மாறிச்சு. இவங்கப்பா செத்தது மாறல."

அவர் பீரோவைச் சாத்தினார். கதவைப் பூட்ட வேண்டும் என்று மட்டும் முணுமுணுத்தார். பூட்டிக்கொள்ளுங்கள், நாங்கள் உள்ளேயே இருக்கிறோம் என்றேன். சின்னு தலையணை மேல் மெதுவாக உட்கார்ந்து, பைப்பிங்கை விரலால் தடவினாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுவர் மேகங்களில் ஒன்றுக்குக் கண்ணும் வாயும் வரைந்திருந்தார்கள். அது எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

சின்னு அழவில்லை. என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள், பிறகு கையைப் பார்த்தாள்.

"அழணும்னா அழு கண்ணு. நான் இருக்கேன்ல."

"நீ இருந்தா வராதும்மா."

"ஏன்?"

கொஞ்சம் தயங்கினாள். "வீட்ல நான் அழுதா நீ மிஷினை வேகமா மிதிப்ப. ரொம்ப வேகமா. எனக்குப் பயமா இருக்கும். அப்புறம் நான் நிறுத்திடுவேன்."

எனக்கு அப்படி மிதித்ததாக நினைவே இல்லை. ஆனால் அவள் சொன்னதும் என் கால்களுக்குத் தெரிந்துவிட்டது.  எழுந்தேன். பெரிய மிஸ்ஸையும் கையோடு வெளியே அழைத்துவந்து, கதவைப் பாதி சாத்தினேன்.

இருவரும் தாழ்வாரத்தில் நின்றோம். வெகுநேரம் எதுவும் கேட்கவில்லை. பிறகு உள்ளே ஒரு மூச்சு போய் எங்கோ மாட்டிக்கொண்டு, உடைந்து வெளியே வந்தது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பெரிய மிஸ் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். கடைசி பஸ் போய்விடும் என்றார். உள்ளே போய், போதும்மா, நாளைக்கு அழலாம் என்று சொல்லத்தான் அவர் கதவை நோக்கி நகர்ந்தார்.

நான் குறுக்கே நின்று கையை நீட்டினேன்.

"சாவியைக் குடுங்க மிஸ். நீங்க பஸ்ஸுக்குப் போங்க. இவ முடிக்கட்டும், நான் பூட்டிக்கிறேன்."