மூன்றாம் வாரம் என்ன ஆனது, மேடம்?

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் எனக்கு ஒரு பதில் வேண்டும். வராவிட்டால் என் முதுகலை ஆய்வு அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போய்விடும்.

வழிகாட்டி டாக்டர் ஓலாடிப்போ சுற்றி வளைக்கவில்லை.

"நீ முழுசா ஃபாக்பென்லே மேடத்தோட கட்டுரையை நம்பி நிக்கிறே. மரவள்ளிச் சில்லு வெயில்ல எப்படிக் காயுதுன்னு ஆறு வாரம் அளந்திருக்காங்க. மூணாவது வாரம் மட்டும் காணோம். ஏன்னு அவங்ககிட்டயே கேளு. பதில் வராம உன் ஆய்வுத் திட்டத்துல என் கையெழுத்து கிடையாது."

பேராசிரியர் எபுன் ஃபாக்பென்லே இருப்பது நான் படிக்கும் இபாடன் நகரிலிருந்து ஒரு நாள் பயணத்தில். மின்னஞ்சல்தான் ஒரே வழி. நேரில் என்றால் எங்கள் யொரூபா வழக்கப்படி நெஞ்சு தரையில் பட விழுந்து எழுந்துவிட்டுக் கேட்கலாம். மின்னஞ்சலில் எப்படி விழுவது? வார்த்தைகளால் விழுந்தேன்.

காலைக்கு ஒரு வணக்கம். வேலைக்கு ஒரு வணக்கம். மழைக்கு ஒன்று. கணவர் சுகமா, பிள்ளைகள் சுகமா, ஆண்டவர் உங்கள் ஆய்வகத்தை ஆசீர்வதிப்பாராக. அறைத்தோழன் பொலாஹன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"மாமியாரை விட்டுட்டியேடா அகின்."

"மாமியார் இருக்காங்களான்னே தெரியாதே."

"அப்ப வீட்டுப் பெரியவங்கன்னு மொத்தமாப் போடு. யாரும் கோவிச்சுக்க முடியாது."

போட்டேன். இரண்டு பக்கம். என் பணிவை நினைத்து எனக்கே கண் கலங்கியது. செவ்வாய்க்கிழமை அனுப்பினேன்.

புதன், மௌனம். வியாழன் மாலை நான்கு மணிக்கு ஃபோன் அதிர்ந்தது.

'அன்புள்ள அகின்லோலு, ஆமென். எல்லோரும் சுகம். உங்களுக்கு என்ன வேண்டும்?'

நான் அனுப்பியதைத் திறந்து மேலிருந்து கீழ்வரை தேடினேன். கேள்வியே இல்லை.

பொலாஹன் கட்டிலில் புரண்டு சிரித்தான். "கும்பிட விழுந்தவன் எழுந்திருக்கவே இல்ல. அங்கயே தூங்கிட்டே."

இருபது மணி நேரம்தான் மிச்சம். மூன்றே வரி எழுதினேன். நான் யார், எந்தக் கட்டுரை, மூன்றாம் வாரம் ஏன் இல்லை. வணக்கம் ஒன்றே ஒன்று. நடு வீதியில் சட்டையில்லாமல் நிற்பது போலிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினேன்.

பத்தே நிமிடத்தில் பதில்.

'இதை முதலிலேயே கேட்டிருக்கலாம். கட்டடத்துக்குப் பின்னால் காயவைத்த சில்லுகளை அந்த வாரம் ஆடுகள் தின்றுவிட்டன. ஆய்விதழில் அதை எப்படி எழுதுவது என்று வெட்கமாக இருந்தது. பதினொரு வருடத்தில் கேட்ட முதல் ஆள் நீங்கள்.'

வெள்ளிக்கிழமை டாக்டர் ஓலாடிப்போ அதை இரண்டு முறை படித்தார். முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. பேனா மூடியைத் திறந்தவர், திரும்ப மூடினார்.

"நீ சில்லை எங்க காயப்போடப் போறே?"

"அதே மாதிரி... கட்டடத்துக்குப் பின்னாலதான், சார்."

"போய் எழுதிட்டு வா."

பதினொன்று ஐம்பதுக்குக் கையெழுத்து விழுந்தது. 'ஆய்வு முறை' என்ற தலைப்புக்குக் கீழே என் முதல் வாக்கியம், ஆடு தாண்ட முடியாத உயரத்துக்கு வேலி போடுவது பற்றியது.