எட்டும் புதுசுதான்

கூட்டம் பதினொரு மணிக்கு என்று போட்டிருந்தார்கள். பதினொன்றே காலுக்கு டீயும் பிஸ்கட்டும் வந்தன. உயர்கல்வி அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், மின்விசிறி மட்டும் கடமை தவறாமல் சுற்றிக்கொண்டிருந்த அறையில், மூன்று பேர் உட்கார்ந்து ஒரு பட்டம் இன்னொரு பட்டத்துக்குச் சமமா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் இதுதான். அரசுப் பள்ளிகளுக்குக் கணித ஆசிரியர்கள் எடுக்கிறார்கள். ‘கணிதப் பட்டம் வேண்டும்’ என்று அறிவிப்பில் கேட்டிருந்தார்கள். தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய இரண்டு பெண்களின் சான்றிதழில் ‘நவீனப் பயன்பாட்டுக் கணிதம்’ என்று இருந்தது. சரிபார்த்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று ஆணை வந்தால் வேலை, வராவிட்டால் நடையைக் கட்டு என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு பெண்களுக்கும் வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது.

மூன்று பேரில் நடுவில் இருந்தவர் கூட்டத்தை நடத்தும் அதிகாரி அம்மா. இடப்பக்கம் எதிர்க் கல்லூரிப் பேராசிரியர். வலப்பக்கம் இருந்தவரை அவருடைய கல்லூரியில் வாட்ச்மேன் முதற்கொண்டு ‘நவீனம்’ என்றுதான் சொல்வார்கள். அந்தப் பட்டத்தைக் கொண்டுவந்தவரே அவர்தான். பெற்ற தகப்பனே பக்கத்தில் இருந்தால் விளக்கம் கேட்க வசதி என்று அவரைக் கூப்பிட்டிருந்தார்கள்.

இரண்டு பட்டத்துக்கும் மூன்று வருடத்தில் இருபது தாள்கள். குறைந்தது பதினைந்து தாள்களாவது ஒத்துப்போக வேண்டும் என்பது விதி. அதிகாரி அம்மா தலைப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டிக் அடித்துக்கொண்டே வந்தார். பதினொன்றுதான் ஒத்துப்போனது. ஒன்று கம்ப்யூட்டர் தாள், அது வேறுதான். மிச்சம் எட்டு இழுபறியில் நின்றது. இந்தப் பக்கம் ‘இயற்கணிதம்’ என்றால் அந்தப் பக்கம் ‘கட்டமைப்புகளின் கணிதம்’. இந்தப் பக்கம் ‘நுண்கணிதம்’ என்றால் அந்தப் பக்கம் ‘மாற்றங்களின் அளவியல்’.

அதிகாரி அம்மா பேனாவை மூடாமலே நிமிர்ந்தார். “சார், இந்தப் பாடத்தைக் கொண்டு வந்ததே நீங்கதான். நீங்களே சொல்லுங்க. இந்த எட்டும் நிஜமாவே புதுசா, இல்ல பேரு மட்டும் வேறயா?”

நவீனத்துக்கு உண்மை தெரியாதா? நன்றாகவே தெரியும். எட்டும் அப்பட்டமான பழைய பாடங்கள். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் கணிதத்தில் சேர ஆள் வரவில்லை, துறையையே மூடிவிடுவார்கள் போலிருந்தது. இரண்டே நாளில் பழைய பாடத்திட்டத்தை எடுத்து, தலைப்புகளுக்கு மட்டும் புதுச் சட்டை மாட்டி, ஒரு தாளுக்குப் பதில் கம்ப்யூட்டர் தாளைச் சேர்த்து ‘நவீனம்’ என்று பெயர் வைத்துவிட்டார். கூட்டம் அலைமோதியது. துறை பிழைத்தது. அவரும் துறைத் தலைவர் ஆனார். அன்றைக்கே பல்கலைக்கழகச் சபையில் ஒருவர் எழுந்து, உள்ளே இருப்பது எல்லாம் பழசுதானே என்று கேட்டார். நவீனம் அரைமணி நேரம் காட்டுக் கத்தல் கத்தி அவரை உட்காரவைத்தார். கேட்டவர் வேறு யாருமில்லை, இப்போது எதிரில் உட்கார்ந்து பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருக்கும் அதே எதிர்க் கல்லூரிக்காரர்தான்.

பழசுதான் என்று இப்போது சொன்னால் அந்த மனுஷன் முகத்தில் எப்படி முழிப்பது? பத்தொன்பது வருடம் ஊரை ஏமாற்றினாயா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால்? வரும் மாதம் கல்லூரி முதல்வர் பதவிக்கு இவர் பெயர் வேறு அடிபடுகிறது. நவீனம் அதிகாரி அம்மா பக்கம் திரும்பினார்.

“புதுசுதான் மேடம். எட்டும் புதுசுதான்.”

எதிர்க் கல்லூரிக்காரர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார், பிறகு டீயைக் குடித்தார். அதிகாரி அம்மா எட்டு இடத்தில் பெருக்கல் குறி போட்டார். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கோப்பையில் டீ இன்னும் முழுசாக ஆறியிருக்கவில்லை.

வெளியே வந்தால் வராந்தா பெஞ்சிலிருந்து ஒருத்தி சட்டென்று எழுந்து நின்றாள். அவருக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. அந்த இரண்டு பெண்களில் ஒருத்தி, புதுப் பட்டத்தின் முதல் செட்டில் படித்தவள். விடை வந்த பிறகும் கணக்கைக் கீழிருந்து மேலே ஒரு தடவை போட்டுப் பார்க்காமல் நோட்டை மூடமாட்டாள். அதனால் வகுப்பில் அவளுக்கு ‘சரிபார்ப்பு’ என்று பெயர். பெயர் வைத்ததும் அவர்தான். இப்போது காதோரம் நரை எட்டிப் பார்த்தது. ஏதோ ஒரு தனியார் பள்ளியில் பதினைந்து வருடமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாளாம். இன்றைக்கு அரை நாள் விடுப்பு கேட்டு வந்திருக்கிறாளாம்.

“நீங்க உள்ள இருக்கீங்கன்னு சொன்னாங்க சார். அதைக் கேட்டதும் பாதி பயம் போயிடுச்சு. ரொம்ப நன்றி சார்” என்றாள்.

நவீனம் “பார்ப்போம்மா, பார்ப்போம்” என்று முனகிக்கொண்டே படியிறங்கினார். இரண்டு படி தடுக்கிற்று. திரும்பிப் பார்க்கும் தைரியம் அவருக்கு இல்லை. கல்லூரியில் சேர வந்த அன்று அவளுடைய அப்பா கழுத்தில் தொங்கிய அளவு டேப்போடு தையல் கடையிலிருந்து நேராக வந்து, “இதைப் படிச்சா கவர்மெண்ட் பள்ளிக்கூடத்துல டீச்சர் ஆகலாமா சார்?” என்று கேட்டது நினைவுக்கு வந்தது. தாராளமாக ஆகலாம், சாதாரணக் கணிதத்தைவிட இது ஒரு படி மேலே என்று அந்த மனுஷனிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன வாயும் இதே வாய்தான்.

பத்து நாளில் ஆணை வந்துவிட்டது. ‘வல்லுநர் கருத்தின்படி எட்டுத் தாள்களும் முற்றிலும் புதியவை, ஆகவே இப்பட்டம் கணிதப் பட்டத்துக்குச் சமமன்று.’ தேர்வுப் பட்டியலில் இரண்டு பெயர்கள் காணாமல் போயின. நவீனம் அதைச் செய்தித்தாளில் படித்துவிட்டு, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். என்ன ஆயிற்று என்று மனைவி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார். வயிற்றுக்கு ஒரு குறையும் இல்லை, வீட்டுக்காரம்மாவுக்கும் அது தெரியும்.

ஒரு மாதம் கழித்துச் சரிபார்ப்பு துறைக்கே வந்தாள். கையில் இரண்டு பாடத்திட்டப் புத்தகங்கள், ஒன்று பழையது, ஒன்று அவர் போட்டது. மேல்முறையீடு செய்திருக்கிறாளாம். அதனால் ஓர் இடத்தை நிரப்பாமல் நிறுத்திவைத்திருக்கிறார்களாம். விசாரணைக்குக் கொண்டுபோகப் பிரதிகளில் துறைத் தலைவர் கையெழுத்து வேண்டும் என்றாள். நவீனம் பேனாவைத் திறந்தார். இதோடு விட்டது என்று உள்ளுக்குள் ஒரு பெருமூச்சுகூட வந்துவிட்டது.

அவள் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்தாள். இரண்டு புத்தகத்தையும் மேசைமேல் விரித்தாள். பென்சிலால் மெல்லிசாக அடையாளம் போட்டிருந்தாள். எட்டுத் தாளிலும் அலகுக்கு அலகு, வரிக்கு வரி ஒன்றேதான். படிக்க வேண்டிய நூல் ஒன்று, அதில் போட வேண்டிய கணக்குகளின் எண்கள்கூட ஒன்று. பழையதில் ஓர் அத்தியாயத்துக்குத் தவறான பக்க எண் அச்சாகியிருந்தது. புதியதிலும் அதே தவறு, அதே பக்கம். பார்த்து எழுதும் பிள்ளை பக்கத்துப் பையனின் தப்பையும் சேர்த்து எழுதுவது மாதிரி இருந்தது.

நவீனத்தின் முகத்தில் ஈயாடவில்லை. அவளோ அவர் முகத்தையே பார்க்காமல், மேசைமேல் இருந்த பென்சிலைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“கமிட்டியில அந்த இன்னொரு சார் தெரியாம சொல்லியிருப்பார் போல சார். ஆனா இதை நான் அங்க விரிச்சுக் காட்டினா, உங்களை நாலு பேர் ஒரு மாதிரி பேசுவாங்க. அதான் மொதல்ல உங்ககிட்ட கேட்கலாம்னு வந்தேன். உங்களுக்குச் சங்கடம்னா இதைக் காட்டல. வேற ஏதாவது வழி பார்த்துக்கறேன்.”

வேறு என்ன வழி இருக்கிறது? ஒன்றும் கிடையாது. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பதினைந்து வருடம் காத்திருந்த வேலையைக் கைவிட்டாவது வாத்தியாரின் மானத்தைக் காப்பாற்றப் பார்க்கிறாள். இவரோ தன் மானத்துக்காக அவள் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு, நன்றியையும் வாங்கிக்கொண்டு வந்தவர். நவீனத்துக்கு நாற்காலியில் உட்காரவே கூசிற்று. பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்து நின்றார்.

“அந்த இன்னொருத்தர் எதுவும் சொல்லலம்மா. எட்டும் புதுசுன்னு சொன்னது நான்தான்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். திட்டவில்லை, அழவில்லை. இரண்டு புத்தகத்தையும் மெதுவாக மூடி ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தாள். விசாரணை செவ்வாய்க்கிழமை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவள் ஏதாவது கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும் என்று நவீனம் நெடுநேரம் நின்றபடியே நினைத்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை அதே அறை, அதே மூன்று பேர். கூடவே மேசைக்கு எதிரே ஒரு நாற்காலியில் அவள். யாரும் கேட்பதற்கு முன்பே நவீனம் எழுந்து, எழுதிக் கொண்டுவந்த தாளைப் பிரித்துப் படித்தார். எட்டும் பழைய பாடங்கள், தலைப்பை மட்டும் மாற்றியது நான், தெரிந்தே போன கூட்டத்தில் பொய் சொன்னேன் என்று அதில் இருந்தது. கடைசி வரி வரைக்கும் படித்து முடித்து அதிகாரி அம்மாவிடம் கொடுத்தார்.

எதிர்க் கல்லூரிக்காரர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எனக்கு அன்னிக்கே தெரியும். நீங்களே மாட்டிக்கிட்டு முழிங்கன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். நம்ம ரெண்டு பேர் சண்டையில இந்தப் பொண்ணு நினைப்பே எனக்கு வரல” என்றார்.

அதிகாரி அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். படித்த மனுஷர்கள் என்று நம்பித்தானே புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று அவருக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. பட்டம் சமம் என்று அங்கேயே தீர்மானம் எழுதினார். நிறுத்திவைத்த இடம் அவளுக்குத்தான். நவீனத்திடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும் என்றார். வரட்டும் மேடம் என்றார் நவீனம். முதல்வர் பதவி இனிக் கனவிலும் கிடையாது. அது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

வராந்தாவில் அவள் நின்றிருந்தாள். இந்தத் தடவை நன்றி சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம் என்று அவரும் நினைத்தார். கூடப் படித்த இன்னொருத்திக்கும் இனி வேலை கிடைத்துவிடும் அல்லவா என்று ஆசையோடு கேட்டார். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

“அவளுக்கு இல்ல சார். அவ மேல்முறையீடே செய்யல. முப்பது நாள் கெடு போன வாரம் முடிஞ்சிடுச்சு, அவ இடத்துக்கு வேற ஆள் போட்டாச்சு. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ‘நம்ம சாரே கமிட்டியில இருந்தும் ஆகலைன்னா, நம்ம படிப்பு நிஜமாவே மட்டம்தான்டி’ன்னு விட்டுட்டா.”

பொய் சொன்னது ஒரு வேலையைப் பறித்தது என்றுதான் இதுவரை நவீனம் நினைத்திருந்தார். ஒருத்திக்குத் தான் படித்த படிப்பின் மேல் இருந்த நம்பிக்கையையே அது பிடுங்கிவிட்டது என்று இப்போதுதான் உறைத்தது. அந்தப் பெண்ணிடம் இப்போதே பேச வேண்டும் என்றார். சரிபார்ப்பு தன் போனிலேயே எண்ணை அழுத்தி அவர் கையில் கொடுத்தாள்.

அவர் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். “அப்போ நான் படிச்சது நிஜமான கணக்குதானா சார்?” என்று கேட்டது மறுமுனைக் குரல்.

“நிஜமான கணக்குதாம்மா. உன் படிப்புல ஒரு குறையும் இல்ல, குறை என்கிட்டதான். சொல்லிக்குடுத்தவன் தன் கௌரவத்துக்காகப் பொய் சொன்னா, அந்தப் பழி படிச்ச பிள்ளைங்க தலையிலதான் விழும். இத்தனை வருஷம் வாத்தியாரா இருந்தும் எனக்கு அது தெரியல. என்னை மன்னிச்சிடு.”

“மன்னிக்கிறது இருக்கட்டும் சார்” என்றாள் அவள். “இனிமே யாராவது உங்களைக் கேட்டா, கேட்ட அன்னிக்கே உண்மையைச் சொல்லிடுங்க. நீங்க வெட்கப்பட்டு முடிக்கிற வரைக்கும் எங்க வயசு நின்னுட்டு இருக்காது.”