நவ்ரஸோடு சேரும் பெயர்

அன்ஃபூஷி மீன்சந்தையிலிருந்து இஃதிதால் வீடு திரும்பியபோது, வரவேற்பறையில் வெள்ளைச் சீருடையில் ஓர் இளம் கடற்படை அதிகாரி காபி குடித்துக்கொண்டிருந்தார். எதிரே அவள் கணவர் ராகிப், எண்பது வயசுக் கிழவர், வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே ஏதோ வில்லங்கம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஐம்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியாதா?

"இதோ, அண்ணியே வந்துட்டாங்க," என்றார் ராகிப்.

அண்ணியாமே. மீன்பையைக் கீழே வைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

அதிகாரி எழுந்து நெஞ்சில் கைவைத்தார். "அம்மா, உங்க வீட்டுக்காரர் கேப்டன் ராகிப் தவறிட்டாருன்னு பேப்பர்ல பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டோம். புதுசா ஒரு மீட்புக் கப்பல் கட்டியிருக்கோம். பழைய நவ்ரஸ் படகோட பேரையும், அதுக்குக் கேப்டனா இருந்த அவர் பேரையும் சேர்த்து வைக்கிறதா முடிவாகியிருக்கு. உயிரோட இருக்கிறவங்க பேரை வைக்கிற வழக்கமில்லை. நீங்கதான் வந்து திரையை விலக்கணும்."

செத்தது ராகிப்பின் சித்தப்பா மகன். தாத்தா பெயரையே இரண்டு பேரன்களுக்கும் வைத்திருந்தார்கள், அதனால் வந்த வினை. கதவைத் திறந்த ராகிப், 'கப்பல்' என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் தனக்குத்தானே தம்பியாகிவிட்டார்.

அதிகாரி படியிறங்கியதுதான் தாமதம், அவள் பிடித்துக்கொண்டாள்.

"புத்தி கித்தி பிசகிப்போச்சா? குத்துக்கல்லாட்டம் மனுஷன் உக்காந்திருக்கையில நான் விதவை வேஷம் கட்டணுமா?"

"ஒரே ஒரு நாள், இஃதிதால். அப்புறம் நான் இருந்தா என்ன, செத்தா என்ன, யாரு வந்து பார்க்கப்போறா?"

"அந்தப் பேச்சை வாயில எடுக்காதீங்க."

"என் பேர்ல ஒரு கப்பல், இஃதிதால்." தனக்கென்று ஒன்றும் கேட்டறியாத மனுஷன். மறுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

விழா நாளன்று துறைமுகம் முழுக்கக் கொடி, பேண்டு வாத்தியம். சாம்பல் நிறத்தில் புதுக் கப்பல் அத்தனை அழகாக நின்றது. இஃதிதால் கறுப்பு உடையில் மேடையேறினாள். நீலத் தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு ராகிப் கூட்டத்தோடு கூட்டமாக நின்றார்.

தளபதி மைக் முன்னால் நின்று பழைய கதையைச் சொன்னார். துறைமுகத்துக்குள் எண்ணெய்க் கப்பல் தீப்பிடித்த அன்று, நவ்ரஸ் என்கிற சின்ன இழுவைப்படகு அதைக் கட்டி இழுத்துக் கடலுக்குக் கொண்டுபோனது. ஊர் பிழைத்தது, நவ்ரஸ் எரிந்து முழுகியது.

"கேப்டன் ராகிப்போட ஆத்மாவுக்காக எல்லாரும் ஃபாத்திஹா ஓதுவோம்," என்று முடித்தார்.

அத்தனை பேரும் கைகளை ஏந்தினார்கள். அவள் கணவரும் ஏந்தினார். பாவி மனுஷன், தனக்கே ஓதிக்கொள்ளத் தயாராகிவிட்டார். இஃதிதால் மைக்கை நோக்கி நகர்ந்தாள். இவ்வளவு பேர் ஒரே குரலில் கேட்டு, ஆண்டவனும் சரியென்று எடுத்துக்கொண்டுவிட்டால்? கப்பலாவது, பெயராவது.

"நிறுத்துங்க," என்று மைக்கில் சொன்னாள். "யாரும் ஓதாதீங்க. அவர் சாகல. அதோ நீலத் தொப்பி, தனக்குத்தானே ஓதிக்க நிக்கிறாரே, அவர்தான்."

இளம் அதிகாரியின் முகத்தில் ஈயாடவில்லை. ராகிப் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மேடைக்கு வந்து சல்யூட் அடித்தார். "மன்னிக்கணும் தளபதி. ஆசை கண்ணை மறைச்சிடுச்சு."

தளபதியின் மீசை துடித்தது. கோபமா சிரிப்பா என்று சட்டென்று தெரியவில்லை. "பேரை எழுதியாச்சே கேப்டன். இப்ப நான் என்ன செய்ய, உங்களைச் சாகச் சொல்லவா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ராகிப் சிரிக்கவில்லை. திரை போட்டிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"துசூகின்னு என் இன்ஜினியர் ஒருத்தன்," என்றார். "மேல நின்னு திசை காட்டினதுதான் நான். கீழே நெருப்புக்குள்ள இன்ஜினை ஓடவிட்டவன் அவன். வெளிய வாடான்னு கத்தினேன், வரல. அவன் பேரை வைங்க."

தளபதி கூட்டத்தைப் பார்த்தார். "ஏந்தின கையை யாரும் இறக்காதீங்க. துசூகிக்கு ஓதுவோம்."

ஓதினார்கள். ராகிப்பின் குரல்தான் எல்லாருக்கும் மேலே கேட்டது. இஃதிதால் மேடை என்றும் பாராமல் அழுதாள். பெயிண்டரைக் கூப்பிட்டனுப்பி, வந்தவர்களெல்லாம் பலகாரம் தின்று முடிப்பதற்குள் எழுத்தை மாற்றிவிட்டார்கள். திரையை அவளே இழுத்தாள். 'நவ்ரஸ் துசூகி' என்று பெயர் தெரிந்ததும் பெண்கள் குலவையிட, கப்பலின் சங்கு ஊதி ஊரையே அதிரவைத்தது.

திரும்பும் டிராமில் ராகிப் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "கைக்கு வந்த கப்பலைக் கெடுத்துட்டியே," என்றார்.

"முப்பது வருஷம் உங்களைக் கடலுக்குக் குடுத்துட்டு ஜன்னலே கதின்னு நின்னேன். இனிமே எந்தக் கப்பலுக்கும் குடுக்கமாட்டேன்."

டிராமில் அத்தனை பேரும் பார்க்க, அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இறங்கவேண்டிய நிறுத்தம் வந்தது, போனது. அவர் கையை விடவுமில்லை, அவள் எழுந்திருக்கவுமில்லை.