ரொட்டிக்கு முன் ஒரு வார்த்தை

"வேற ஏதாவது வேணுமா இஜ்ஜா?" என்று கனாய் கேட்டாள்.

"ஒண்ணும் வேணாம். எல்லாம் நிறைஞ்சிருக்கு."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? அல்லா உன்னைப் பெத்தவங்களுக்குக் கருணை காட்டட்டும். டீ ஆறுது, குடி."

படகுத்துறை திறந்த அன்று சாயங்காலம், அதைக் கட்டும் வேலைக்காக ஜப்பானிலிருந்து வந்திருந்த கனாயும் நானும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். புதுச் சிமெண்டுச் சரிவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தோம். கனாய் டீயைக் குடித்துவிட்டுக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், வெயிலில் அலைந்த களைப்பு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் இமிதார், மொராக்கோவில் அகாதிருக்குத் தெற்கே பாறைக்கும் கடலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற ஊர். துறை வருவதற்கு முன்னால் எங்கள் ஆண்கள் அலை உடைகிற இடத்தைத் தாண்டி மணலில் படகை ஏற்ற வேண்டும். எனக்குக் கல்யாணமான வருடம் கரையிலிருந்து நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் கணவர் புஜ்மாவின் படகு கவிழ்ந்தது. அவரைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்தார்கள். கூடப் போன அவருடைய சித்தப்பா மகன் கிடைக்கவேயில்லை.

அதற்கப்புறம்தான் ஜப்பான் அரசாங்கமும் எங்கள் அரசாங்கமும் சேர்ந்து துறை கட்டின. படகை மேலே இழுக்க ஒரு இயந்திரம், மீனுக்கு ஐஸ் அறை, பாறையில் ஒட்டியிருக்கும் மட்டிச் சிப்பியைப் பொறுக்குகிற எங்களைப் போன்ற பெண்களுக்குக் குழாய்த் தண்ணீரோடு ஒரு கூடம். அன்றிலிருந்து இன்றுவரை கடலால் எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் அழுகைச் சத்தம் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் வாயில் நுழையாத ஜப்பான் பெயர்களைச் சொல்லிப் பெண்கள் துவா கேட்பார்கள். பேருக்குச் செய்வதில்லை. நானே கேட்டிருக்கிறேன், கண் கலங்கி.

ஆனால் துறை படகைத்தான் காப்பாற்றும், மீனைக் கொண்டுவராது. எங்கள் பக்கத்துக் கடலில் மீன் குறைந்துகொண்டே போனது. ஆண்கள் தெற்கே தான்தான் என்ற ஊரின் துறைமுகத்துக்கு, எட்டுக் கை உள்ள பேய்க்கணவாய் பிடிக்கப் போகத் தொடங்கினார்கள். வருடத்தில் பாதிக்கு மேல் அங்கேதான். அங்கே பிடிபடுவதில் நல்லதெல்லாம் ஐஸ் பெட்டியில் ஏறிக் கனாயின் ஊருக்குத்தான் போகிறது.

"உங்க ஊர்க்காரங்க நாக்குக்காக நான் என் பொண்டாட்டியை விட்டுட்டுப் போறேன். இதை உங்க மந்திரிகிட்ட சொல்லு" என்று புஜ்மா ஒருமுறை அவளிடம் சொன்னார். கனாய் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தாள்.

அன்றைக்குத்தான் அவள் போனில் தன் அப்பாவின் படத்தைக் காட்டினாள். ஒரு குடாவில் மூங்கில் மிதவைகள். மிதவையிலிருந்து கீழே தொங்கும் கயிறுகள். கயிறு நிறையச் சிப்பி. அவளுடைய அப்பா கயிற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பல் தெரிய நிற்கிறார். "எங்க வீட்டுல யாரும் தூரமாப் போனதில்ல. அப்பா மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடுவார்" என்றாள்.

புஜ்மா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். மறுநாள் எங்கள் குடாவின் ஓரமாக நடந்து, பாறை எங்கே அலையை மறிக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தார்.

"நம்ம மட்டியும் கயித்துல பிடிக்கும் இஜ்ஜா. பாறையில பிடிக்கிறது கயித்துல பிடிக்காதா?"

"அப்ப கனாய்கிட்ட கேக்க வேண்டியதுதானே?"

"துறை கட்டிக் குடுத்தவங்ககிட்டயா? குடுத்த கையை மறுபடியும் பிடிச்சு இழுக்கச் சொல்றியா?"

அவர் சொன்னதும் சரிதான். எங்கள் ஊரில் வீட்டுக்கு வந்து உப்பைத் தின்றவரிடம் எதையும் கேட்கக் கூடாது. கேட்டால் போட்ட சாப்பாட்டுக்கு விலை கேட்டது போல. கனாயும் அவளுடைய அதிகாரிகளும் வரும்போதெல்லாம் வாசலிலேயே ரொட்டியும் ஆர்கன் கொட்டை எண்ணெயும் நீட்டிவிடுவோம். பிறகு சாப்பாடு, பிறகு டீ. எல்லாம் முடிந்து அவர்கள், "வேறு ஏதாவது குறை உண்டா?" என்று கேட்பார்கள். எங்கள் பெண்கள் சங்கத் தலைவி லல்லா துதா நெஞ்சில் கை வைத்து, "அல்ஹம்துலில்லா, நிறைஞ்சிருக்கு" என்பாள். அதை நான் பிரெஞ்சில் சொல்ல, கனாய் அதை ஜப்பான் மொழியில் சொல்வாள். எல்லோரும் தலையாட்டுவார்கள். கார் கிளம்பிவிடும்.

ஒவ்வொரு முறையும் அந்தக் காரின் தூசி அடங்கும்வரை புஜ்மா தெருவிலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த வசந்தத்தில் கனாய் கடைசித் தடவையாக வந்தாள். வேலை முடிந்தது என்று கையெழுத்திட அவளுடைய பெரிய அதிகாரி மொரிவாகி தலைநகர் ரபாத்திலிருந்து நேராகக் கூடத்துக்கு வருவதாக ஏற்பாடு. அன்று மத்தியானமே புஜ்மாவும் தான்தானுக்குப் புறப்படுகிறார். டாக்ஸியில் இடம் சொல்லியாகிவிட்டது. பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டுத்தான் நான் சமைக்க வந்தேன்.

கனாய் எப்போதும் போலக் கூடத்தின் சமையல் பக்கம் வந்து வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். வெங்காயத்தால் என்றுதான் நான் நினைத்தேன்.

"உங்க மேல எனக்குக் கோபம் இஜ்ஜா" என்றாள் திடீரென்று.

"என் மேலயா?"

"எல்லார் மேலயும். இத்தனை வருஷமா வர்றப்பல்லாம் கேக்கிறேன். எல்லாம் நிறைஞ்சிருக்குன்னு சொல்றீங்க. எங்க அலுவலகத்துல என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? இமிதார்ல ஒரு குறையும் இல்ல, அடுத்த ஊரைப் பார்ப்போம்னு."

"குறை இல்லேன்னா சொன்னோம்? நன்றி சொன்னோம்."

"புஜ்மா அந்தப் படத்தைப் பார்த்த பார்வையை நான் பார்க்கலையா? எங்க அப்பாகிட்ட கூடக் கேட்டு வெச்சிருக்கேன். ஆனா உங்க வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராம நாங்க எதுவும் செய்யக் கூடாது. அதுதான் எங்க வழக்கம். உனக்கு என்ன குறைன்னு நானே முடிவு பண்ணிக் குடுத்தா உன்னை மதிக்கலேன்னு அர்த்தம்."

என் கையிலிருந்த கத்தி நின்றுவிட்டது. "அப்ப இந்தத் துறை?"

"ரபாத்ல உங்க அரசாங்கம் கேட்டுச்சு. பின்ன, தானா வந்துச்சுன்னு நினைச்சியா?"

அப்படித்தான் நினைத்திருந்தேன். ஊரே அப்படித்தான் நினைத்திருந்தது. அவர்கள் மரியாதைக்காகக் காத்திருந்தார்கள், நாங்கள் மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டிருந்தோம். நடுவில் புஜ்மா வருடா வருடம் பையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

கையைத் துடைத்துக்கொண்டு லல்லா துதாவிடம் போனேன். அடுப்பில் மட்டிக் குழம்பை மூடி வைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் மூடியை மறுபடி எடுத்துவிட்டாள்.

"சாப்பாடு போட்டுட்டுக் கையை நீட்டுறதா? என் உசுரு இருக்கிற வரைக்கும் இந்தக் கூடத்துல அது நடக்காது."

"போடுறதுக்கு முன்னாடி கேட்டா, லல்லா?"

"என்னடி உளர்றே?"

"ரொட்டியைத் தொட்டாத்தானே விருந்தாளி? தொடுற வரைக்கும் வழியில வந்த மனுஷன். வழியில வந்தவன்கிட்ட எதையும் கேக்கலாம்."

சுற்றி நின்ற பெண்கள் வேலையை விட்டுவிட்டார்கள். வாய்த்துடுக்குக்காரி தம்லால்த் முதலில் ஆரம்பித்தாள்.

"அவ்வளவு தூரத்துலேர்ந்து வர்றவரை வாசல்ல வெறும் கையோட நிறுத்துறதா? பக்கத்து ஊர்க்காரங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். உன் புருஷன் எங்க இருக்கான்?" என்றேன்.

"தான்தான்லதான், வேற எங்க?"

"போன பெருநாளைக்கு வந்தானா?"

தம்லால்த் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது, அப்படிக் கேட்டிருக்க வேண்டாம்.

"அந்தப் பொண்ணு முன்னாடியேவா இதெல்லாம் பேசுவாங்க?" என்று லல்லா துதா கனாயைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவளா விருந்தாளி?" என்றாள் தம்லால்த். "வந்த நாளா வெங்காயம் உரிக்க வெச்சிருக்கோம். விருந்தாளியை எவளாவது அழ வைப்பாளா?"

லல்லா துதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த முகத்தோடு என்னைத் திட்டினாள். "சரி, கேக்கிறேன். ஆனா நாந்தான் கேப்பேன். நீ அர்த்தத்தை மட்டும் சொல்லு. அப்புறம், ரொட்டி ஆறிடக் கூடாது. ஆறின ரொட்டியை நான் யாருக்கும் குடுத்ததில்ல."

கார் வந்த சத்தம் கேட்டபோது எல்லோரும் வாசலுக்குப் போனோம். தம்லால்த் ரொட்டித் தட்டை ஒரு துணியால் மூடி முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டாள். எண்ணெய்க் கிண்ணம் இன்னொருத்தியிடம். மொரிவாகி இறங்கினார். நரைத்த தலை, பளபளப்பான ஷூ. தலை குனிந்து வணங்கினார். எப்போதும் அந்த நேரத்தில் அவர் கைக்கு ரொட்டி போய்விடும். அவரும் பழக்கத்தில் கையை லேசாக நீட்டினார். ஒன்றும் வராததால், ஏதோ தப்பு செய்துவிட்டோமோ என்று தன் ஷூவைப் பார்த்துக்கொண்டார்.

தெருமுனையில் டாக்ஸி நின்றிருந்தது. புஜ்மா பையைத் தோளில் போட்டுக்கொண்டு, என்னிடம் சொல்லிக்கொண்டு போகக் கூடத்துப் பக்கம் வந்தார். எங்கள் கோலத்தைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார்.

லல்லா துதா முன்னால் வந்தாள். நெஞ்சில் கை வைத்தாள்.

"மொரிவாகி ஐயா, அல்லா உங்களைப் பெத்தவங்களுக்குக் கருணை காட்டட்டும். உங்க புள்ளைங்களைக் காப்பாத்தட்டும். எங்க புள்ளைங்க அலையில போகாம கரைக்கு வர்றாங்கன்னா அது உங்களால. இந்தத் துறையோட ஒவ்வொரு கல்லுக்கும் நாங்க துவா செய்யறோம்."

நான் சொன்னேன். கனாய் சொன்னாள். அவர் மறுபடி குனிந்தார்.

லல்லா துதா மூச்சை இழுத்தாள். உதடு அசைந்தது. "உங்க வீட்டுல எப்பவும் ரொட்டி இருக்கட்டும். உங்க..." என்று மறுபடியும் ஆசியிலேயே போய் நின்றாள். அவள் கண்ணில் தண்ணீர் திரண்டிருந்தது. இவ்வளவு நன்றியை வைத்துக்கொண்டு அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்வியை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. எனக்குத் தெரியும், அவளுடைய மகனும் அந்தத் துறையில்தான் கரையேறுகிறான்.

"ரொட்டி ஆறுது" என்று பின்னாலிருந்து தம்லால்த் முணுமுணுத்தாள். "சீக்கிரம் கேளுங்க, இல்ல நான் நீட்டிடுவேன்."

டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்தான். புஜ்மா திரும்பிப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கூடத்தில் நான் பேசியதெல்லாம் மற்றவர்கள் பேச்சு. அவள் சொன்னதை இவருக்கு, இவர் சொன்னதை அவளுக்கு. அந்த வாசலில் மொரிவாகியும் கனாயும் லல்லாவுடைய மீதி வாக்கியத்துக்காக என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"லல்லா சொல்ல வந்ததோட மிச்சத்தை நான் சொல்றேன்" என்று ஆரம்பித்தேன். "நீங்க குடுத்ததுக்கு நன்றி சொல்லி மாளல, இனிமேலும் மாளாது. அந்த நன்றியோடதான் கேக்கிறேன். எங்க குடாவுல கயித்துல மட்டி வளர்க்கணும்னு எங்க எல்லாருக்கும் ஆசை. கனாயோட அப்பா மாதிரி அந்தத் தொழில் தெரிஞ்ச ஒருத்தரை ஒரு பருவத்துக்கு எங்ககூட இருக்க அனுப்புங்க. முதல் கயிறும் மிதவையும் குடுங்க. அடுத்ததை நாங்களே முறுக்கிப்போம். விளையுறதை விப்போம். உங்க ஊருக்கும் விப்போம், நல்லதாத் தருவோம்."

லல்லா துதா என் கையைப் பிடித்து இழுத்தாள். "நான் சொன்னது அவ்வளவு நீளமாவா இருந்துச்சு?" என்று காதருகில் கேட்டாள். ஆனால் கையை விடவில்லை.

கனாய் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். மொரிவாகி தலை நிமிர்ந்தார். ஏதோ கேட்டார்.

"எதுக்காகன்னு கேக்கிறார்" என்றாள் கனாய். "உன் வாயாலயே சொல்லணுமாம்."

நான் புஜ்மாவைக் காட்டினேன்.

"அதோ பையோட நிக்கிறாரே, அவர் என் புருஷன். வருஷத்துல பாதி நாள் எனக்கு அவர் இல்ல. இங்க நிக்கிறவங்க எல்லாருக்கும் அப்படித்தான். எங்க வீட்டு ஆம்பளைங்க எங்க வாசல்லயே வேலை செய்யணும். மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரணும். இதைத்தான் உங்ககிட்ட கேக்கிறேன்."